காக்கர் சிட்டி ஊர்மக்களுக்கு: உங்கள் கயிற்றுப் பந்துக்கு அருகே ஒரு சுனையும் இருந்தது

பெறுநர்: காக்கர் சிட்டி நகர மன்றத்தாரும் ஊர்மக்களும், மிச்சல் கவுன்ட்டி, கேன்சஸ் மாநிலம், அமெரிக்கா.

அன்புடையீர், வணக்கம்.

நான் உங்கள் மாநிலத்தின் விச்சிட்டா நகரில் பன்னிரண்டு ஆண்டுகளாக வசிக்கிறேன். சொந்த ஊர் தமிழ்நாட்டில், சேலம் மாவட்டத்தில், மேட்டூர் அணைக்குப் பக்கத்தில். இந்த மடலின் ஆங்கிலப் பிரதி உங்களுக்குத் தபாலில் வந்து சேரும். ஆனாலும் முதலில் தமிழில்தான் எழுதுகிறேன். இதில் உள்ள முக்கியமான கேள்வி என் அம்மா கேட்டது. அவர் அதைத் தமிழில்தான் கேட்டார். டென்வருக்கும் கேன்சஸ் சிட்டிக்கும் இடையே காரில் போகிற தமிழ்க் குடும்பங்களும் இதைப் படிக்க வேண்டும் என்பது இன்னொரு காரணம்.

சென்ற செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை, கயிற்றைச் சுற்றிச் சுற்றியே உருவான உங்கள் ராட்சதப் பந்தைப் பார்க்க உங்கள் ஊருக்கு வந்தோம். நான், மனைவி, ஒன்பது வயது மகள், ஆறு மாத விசாவில் வந்திருந்த அம்மா. சலைனா வரை வந்து, 81ஆம் எண் சாலையில் வடக்கே ஏறி, பிறகு 24ஆம் எண் சாலையில் மேற்கே திரும்பினோம். அமெரிக்கா வந்து இரண்டு மாதம் ஆகியும் எதிலும் பெரிதாக மனம் ஒட்டாமல் இருந்த அம்மா, அந்தச் சாலையில்தான் முதன்முறையாக ஜன்னலை இறக்கச் சொன்னார். இருபுறமும் சோளம். செங்கதிர் முற்றி, இடுப்பளவுக்கு நின்றது. அமெரிக்காவில் அதிகமாகச் சோளம் விளைவது கேன்சஸில்தான் என்று சொன்னேன். "இத்தனை குட்டையாக விட்டால் மாட்டுக்குத் தட்டு எங்கே கிடைக்கும்?" என்று கவலைப்பட்டார். சற்று தூரம் போனதும் மறுபடி நிறுத்தச் சொன்னார். வேலிக்கு நட்டிருந்த கல்லுக்கால்களைப் பார்த்துவிட்டார்.

எங்கள் பக்கத்தில் வேலிக்கும் பந்தலுக்கும் கருங்கல்லைப் பிளந்து கால் நடுவோம். மரம் இல்லாத சமவெளியில் குடியேறிய உங்கள் முன்னோர்களும் அதையே செய்திருக்கிறார்கள். மண்ணுக்கு அடியில் தட்டையாகப் படிந்திருக்கும் சுண்ணாம்புக்கல்லில் வரிசையாகத் துளை போட்டு, துளைகளில் ஆப்பு அடித்துப் பிளந்து, வெட்டி எடுக்கும்போது மென்மையாக இருக்கும் அந்தக் கல் காற்றுப் பட்டு இறுகும் என்பதைக் கண்டுகொண்டு, மைல் கணக்கில் நட்டிருக்கிறார்கள். நான் ஒன்றைத் தொட்டுப் பார்த்தேன். தேன் நிறம். நடுவே துரு நிறத்தில் ஒரு கோடு. ஒரு பக்கத்தில் துளையின் பாதி வட்டம் அப்படியே தெரிந்தது. அதைப் போட்டவர் இறந்து நூறு ஆண்டுகளாவது ஆகியிருக்கும்.

பிறகு உங்கள் பந்து.

படத்தில் பார்த்திருந்தேன். நேரில் பார்க்கும்போது முதலில் எட்டுவது வாசனைதான். வைக்கோல் போரின் வாசனை, பழைய சாக்கு மூட்டையின் வாசனை. பிரதான சாலையோரம், சுவர் இல்லாத கூரைக்குக் கீழே அது உட்கார்ந்திருக்கிறது. ஆம், உட்கார்ந்திருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். தன் எடையிலேயே அடி அகன்று, தோள் சரிந்து, நெல் மூட்டைகளுக்குக் காவல் இருக்கும் பெரியவரைப் போல இருக்கிறது. என் மகள் அதைச் சுற்றி ஓடி முடிக்க எத்தனை அடி வைத்தாள் என்று எண்ணிக்கொண்டே வந்தாள். மூன்று முறையும் மூன்று கணக்கு வந்தது.

இந்தப் பந்தைத் தொடங்கிய பிராங்க் ஸ்டோபர் என்ற விவசாயியை நினைத்து நான் மலைத்துப்போகிறேன். 1953ஆம் ஆண்டு களஞ்சியத்தில் சிதறிக் கிடந்த, புல்கட்டு கட்டி மிஞ்சிய நார்க்கயிற்றுத் துண்டுகளை வீணாக்க மனமில்லாமல் சுருட்டத் தொடங்கினார். நான்கே ஆண்டுகளில் அது 5,000 பவுண்டு எடையும் எட்டடி உயரமும் ஆனது. 1961இல் அதை ஊருக்குக் கொடுத்துவிட்டார். 1974இல் அவர் இறந்தபோது அதில் 16 லட்சம் அடிக் கயிறு இருந்தது. குறுக்களவு 11 அடி. அந்தக் கயிற்றைப் பிரித்து நீட்டினால் 300 மைலுக்கு மேல் போகும். மினசோட்டா மாநிலத்தின் டார்வின் என்ற ஊரில் பிரான்சிஸ் ஜான்சன் என்பவர் 1950இல் தொடங்கி 29 ஆண்டுகள் தனியாளாகச் சுற்றிய 12 அடிப் பந்து ஒன்று இருக்கிறது. தனி மனிதர் சுற்றியதில் அதுதான் பெரியது என்பது அந்த ஊரார் சொல்வது. அவர் போன பிறகு அதில் யாரும் கயிறு சேர்ப்பதில்லை, கண்ணாடிக்குள் இருக்கிறது. நீங்களோ ஸ்டோபர் போன பிறகும் சுற்றுவதை நிறுத்தவில்லை. ஆண்டுதோறும் ஆகஸ்டில் ஊர் கூடிக் கயிறு சுற்றும் விழா நடத்துகிறீர்கள். வழிப்போக்கர்கள் கையிலும் கயிற்றைக் கொடுக்கிறீர்கள். இன்று அதன் எடை 20,000 பவுண்டைத் தாண்டிவிட்டது. இறந்தவரின் சாதனையைப் பூட்டிவைத்துக் காப்பதைவிட இது பெரிய மரியாதை என்பது என் கருத்து.

எங்கள் கையிலும் கொடுத்தீர்கள். உங்கள் ஊர்க்காரர் ஒருவர், பெயர் கேட்டுக்கொள்ளத் தவறிவிட்டேன், கயிற்றுச் சுருளோடு வந்து மகளுக்கு நுனியைக் கட்டக் காட்டிக்கொடுத்தார். அவள் கட்டிய முடிச்சை அம்மா இழுத்துப் பார்த்தார், அது வழுகியது. அவிழ்த்துவிட்டு, தும்புக்கயிற்றுக்குப் போடுகிற முடிச்சைத் தானே போட்டார். சிறு வயதில் மாட்டுக்கயிறு, தாம்புக்கயிறு எல்லாம் வீட்டிலேயே திரித்தவர் அவர். உள்ளங்கையில் நாரைத் தேய்த்துப் பார்த்து, "இது ரயில் கற்றாழை நார்" என்றார். அதேதான். உங்கள் ஊர்க்காரர் அந்த முடிச்சைக் குனிந்து பார்த்து, இன்னொரு முறை போட்டுக் காட்டச் சொன்னார். ஒரு சொல்கூடப் பொதுவாக இல்லாத இரண்டு பேர் ஐந்து நிமிடம் கயிற்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த ஐந்து நிமிடத்துக்காக உங்களுக்கு நன்றி சொல்வது இந்த மடலின் பாதி நோக்கம்.

மறுபாதிக்கு வருகிறேன்.

உங்கள் ஊர் 1870இல் தொடங்கியது. நிலம் தேடி வந்த நான்கு பேர் ஊருக்கு யார் பெயரை வைப்பது என்று சீட்டாடினார்கள், ஈ. எச். காக்கர் வென்றார் என்பது ஊரில் வழங்கும் கதை. நடைபாதையில் கயிறு போலவே வரைந்திருக்கும் கோட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தோம். கடைக் கண்ணாடிகளுக்குப் பின்னால் உலகப் புகழ் பெற்ற ஓவியங்களுக்குள் கயிற்றுப் பந்தை நுழைத்து வரைந்த படங்களைப் பார்த்தோம். மூடிக்கிடக்கும் கடைகளையும் பார்த்தோம். 2020 கணக்கெடுப்பின்படி உங்கள் ஊரில் 457 பேர். மூடிய கடையின் ஜன்னலை வெறுமையாக விடாமல் ஒரு படத்தை வைத்திருப்பது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

சாப்பாட்டைக் கட்டி எடுத்துக்கொண்டு வந்திருந்தோம். நிழலில் உட்கார்ந்து சாப்பிட ஏரிக்கரைக்குப் போனோம். வக்கோண்டா ஏரி. கரையில் புளிச்சோற்றைப் பிரித்தோம். தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா கேட்டார்: "இது ஏரியா, அணையா?"

அணைதான், கிழக்கே கிளென் எல்டரில் கட்டியிருக்கிறார்கள் என்றேன்.

"அப்படியென்றால் அடியில் என்ன இருக்கிறது?"

அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டும். காவிரியின் குறுக்கே 1925இல் தொடங்கி 1934இல் மேட்டூர் அணையைக் கட்டி முடித்தார்கள். அதன் நீர்ப்பரப்புக்குள் பல ஊர்கள் போயின. என் தாத்தா அப்போது சிறு பையன். தலையில் ஒரு கோழிக்கூண்டைச் சுமந்துகொண்டு மேட்டுக்கு நடந்து வந்ததைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். பண்ணவாடி என்ற இடத்தில் பழைய ஜலகண்டேஸ்வரர் கோயில் நீருக்குள் இருக்கிறது. கோடையில் நீர்மட்டம் 79 அடிக்குக் கீழே இறங்கினால் கோயில் நந்தியின் தலை வெளியே தெரியும். பக்கத்திலேயே மூழ்கிய தேவாலயத்தின் கோபுரமும் தெரியும். சுற்று வட்டாரம் முழுக்கப் போய்ப் பார்ப்போம். அதனால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஓர் அணையைப் பார்த்தால் முதலில் தோன்றும் கேள்வி அதுதான்.

எனக்குப் பதில் தெரியவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் கேன்சஸில் இருந்துவிட்டு, அந்த ஏரியின் பெயரை நூறு முறை உச்சரித்துவிட்டு, பெயர் எங்கிருந்து வந்தது என்று நான் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. பக்கத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த முதியவரிடம் கேட்டோம். அவர் தூண்டில் கோலாலேயே தண்ணீருக்கு நேராகக் காட்டி, "அங்கே ஒரு சுனை இருந்தது" என்றார். சிறுவனாக அதன் ஓரத்தில் நின்றிருக்கிறாராம்.

அன்று மாலையே கிளென் எல்டர் பூங்காவில் அந்தச் சுனையின் மாதிரியைக் கட்டிவைத்திருப்பதைப் போய்ப் பார்த்தோம். வீட்டுக்கு வந்த பிறகு வாரக்கணக்கில் தேடிப் படித்தேன். படித்ததில் உறுதியானதை மட்டும் இங்கே எழுதுகிறேன். உங்களில் பலருக்கு இது என்னைவிட நன்றாகத் தெரியும். தமிழ் வாசகர்களுக்குத் தெரியாது.

சமவெளிக்கு நடுவே 40 அடிக்கு மேல் உயர்ந்த ஒரு கல்மேடு. அடிவாரத்தின் அகலம் 300 அடி. அதன் உச்சியில், விளிம்புவரை நிறைந்து, சுமார் 50 அடி அகலத்துக்கு ஒரு குளம். அடியிலிருந்து ஊறி வந்த உப்பு நீர் தன் தாதுக்களைப் படியவிட்டுப் படியவிட்டுத் தானே கட்டிக்கொண்ட மேடு அது. ஊற்று தனக்குத் தானே கோயில் எழுப்பிக்கொண்டது போல. இங்கே வாழ்ந்த பூர்வகுடியினரான கான்சா மக்களின் மொழியில் 'வகாண்டா' என்றால் பரம்பொருள். சமவெளியின் பல குடிகள், தங்களுக்குள் பகை கொண்டவர்கள் உட்பட, அங்கே வந்து வணங்கி, மணிகளையும் அம்பு முனைகளையும் காணிக்கையாக நீரில் போட்டார்கள். உங்கள் சாலமன் ஆற்றின் பழைய பெயரே 'மேட்டின்மேல் நீர்' என்ற பொருளில் இந்தச் சுனையால் வந்தது.

பிறகு குடியேறிகள் வந்தார்கள். 1862ஆம் ஆண்டின் ஹோம்ஸ்டெட் சட்டம், ஐந்து ஆண்டுகள் குடியிருந்து உழுதவருக்கு 160 ஏக்கர் தந்தது. காக்கர் சிட்டிக்குப் பெயர் சூட்டி மூன்று ஆண்டுகளில், 1873இல், இந்த மாநிலத்துக்கே தங்கள் பெயரைத் தந்த கான்சா மக்கள் இன்றைய ஓக்லஹோமாவுக்கு அனுப்பப்பட்டார்கள். வடக்கே நெப்ராஸ்காவிலிருந்த பாவ்னி மக்களும் அடுத்த சில ஆண்டுகளில் அதே திசையில் போக வேண்டியதாயிற்று. சுனைக்கு அருகே கல்லால் ஒரு மருத்துவ விடுதி எழுந்தது. தண்ணீரைப் புட்டியில் அடைத்து விற்றார்கள். நோயாளிகள் வந்து குளித்தார்கள். அதுவும் ஒருவகை நம்பிக்கைதான். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

1951 ஜூலையில் கேன்சஸ் ஆற்றுப் படுகை முழுவதையும் பெருவெள்ளம் சூறையாடியது. அதன் பிறகு அணைக்கான பேச்சு வலுத்தது. 1964இல் கிளென் எல்டர் அணையின் வேலை தொடங்கி, 1969இல் முடிந்தது. நீர் ஏறுவதற்கு முன் விடுதியை இடித்து, இடிந்த கல்லையும் மண்ணையும் அந்தச் சுனைக்குள்ளேயே தள்ளினார்கள். இதைப் படித்த இரவு நான் வெகுநேரம் தூங்கவில்லை. எங்கள் நந்தியையாவது நின்ற இடத்தில் விட்டுவிட்டுத்தான் தண்ணீரை ஏற்றினார்கள்.

அணையைப் பழிக்க எனக்கு உரிமை இல்லை. மேட்டூர் தண்ணீர் இல்லாவிட்டால் தஞ்சை வயல்களில் குறுவை இல்லை. உங்கள் ஆற்றோர ஊர்களும் வெள்ளத்துக்குப் பயப்படாமல் தூங்க வேண்டியவைதான். கட்ட வேண்டுமா வேண்டாமா என்பது முடிந்துபோன வழக்கு. நான் பேசுவது, நீருக்கடியில் போனதை எடுத்துச் சொல்வதைப் பற்றி.

என் வேண்டுகோள் இதுதான். கயிற்றுப் பந்தைப் பார்க்க வருகிறவருக்கு, அந்தக் கூரைக்குக் கீழேயே, சுனையின் கதையையும் சொல்லுங்கள். ஏரிக்கரையில் மாதிரி இருக்கிறதே என்று நீங்கள் சொல்லலாம். இருக்கிறது; அதைச் செய்துவைத்தவர்களை வணங்குகிறேன். ஆனால் பந்தைப் பார்க்க வருகிற குடும்பம் படம் எடுத்துக்கொண்டு, கழிப்பறை எங்கே என்று தேடி, அடுத்த ஊருக்குப் போய்விடும். நாங்களும் போயிருப்போம். புளிச்சோறும் அம்மாவும் இல்லையென்றால் எங்களுக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. உலகத்தை நிறுத்திவைக்கும் ஒரு பொருள் உங்களிடம் இருக்கிறது. நின்றவரிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லும் வாய்ப்பும் உங்களிடம்தான் இருக்கிறது. நடைபாதையில் ஏற்கெனவே ஒரு கயிற்றுக் கோடு ஓடுகிறது. அதை ஏரியைப் பார்த்த திசையில் சற்று நீட்டி, முடிகிற இடத்தில் ஒரு பலகை வைத்தால் போதும். அந்தப் பலகையின் வாசகத்தை நீங்களோ நானோ எழுதக் கூடாது. ஓக்லஹோமாவில் இருக்கும் கான்சா, பாவ்னி மக்களிடம் கேட்டு, அவர்கள் சொல்வதை, அவர்கள் மொழியிலும் ஆங்கிலத்திலும் எழுத வேண்டும். சொல்ல வேண்டாம் என்று அவர்கள் நினைப்பதை விட்டுவிட வேண்டும்.

சுனை நீருக்கடியில் இருக்க, ஊர்த் தெருவில் பலகை எதற்கு என்று கேட்பவர் இருப்பார்கள். உங்களிடமிருந்து சுமார் முப்பது மைல் தள்ளி லெபனான் என்ற சிற்றூர் இருக்கிறது. ஒட்டியிருக்கும் 48 மாநிலங்களின் புவியியல் மையம் அது. 1918இல் நாட்டின் படத்தை அட்டையில் வெட்டி, ஊசிமுனையில் நிறுத்தி, எங்கே சாயாமல் நிற்கிறது என்று பார்த்து அந்தப் புள்ளியைக் கண்டார்கள். புள்ளி ஒரு தனியார் நிலத்துக்குள் விழுந்தது. அதனால் சுமார் அரை மைல் தள்ளி, மனிதர்கள் போய் நிற்கக்கூடிய இடத்தில் கல்லை நட்டார்கள். இன்றும் எங்கெங்கிருந்தோ வந்து அங்கே நிற்கிறார்கள். கால் வைக்க முடியாத இடத்தைக் குறிக்கப் பக்கத்தில் ஒரு கல் நடுவது உங்கள் வட்டாரத்துக்குப் புதிதல்ல.

உங்கள் மாநிலம் இதைவிடக் கடினமான ஒன்றையும் அண்மையில் செய்து காட்டியிருக்கிறது. கான்சா மக்கள் புனிதமாகக் கருதும் 28 டன் செந்நிறப் பாறை ஒன்றை 1929இல் லாரன்ஸ் நகருக்கு எடுத்துப் போய், அதன்மேல் குடியேறிகளின் பெயர்ப் பட்டயத்தைப் பதித்துப் பூங்காவில் நிறுத்தியிருந்தார்கள். தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பிறகு லாரன்ஸ் நகரம் மன்னிப்புக் கேட்டது. 2023இல் பாறையைப் பெயர்த்து, கவுன்சில் குரோவ் அருகே கான்சா மக்களுக்குச் சொந்தமான நிலத்தில் சேர்த்தார்கள். சுனையை அப்படிப் பெயர்த்துத் தர யாராலும் முடியாது. அதனால்தான் அதைப் பற்றிய பேச்சையாவது கேட்கும்படி இவ்வளவு தூரம் எழுதுகிறேன்.

உங்கள் சாலையிலேயே, 24ஆம் எண் சாலையிலேயே, மேற்கே ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓட்டினால் நிக்கோடிமஸ் வருகிறது. அன்று நாங்கள் அதுவரை போகவில்லை. அக்டோபரில் அதற்காகவே தனியாகப் போனோம். 1877இல் கென்டக்கியிலிருந்து, அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட முந்நூறுக்கும் மேற்பட்ட கறுப்பின மக்கள் வந்து நிறுவிய ஊர். மரம் இல்லை, கல் பிளக்கக் கருவி இல்லை. மண்ணைக் குடைந்து உள்ளே குடியிருந்தார்கள். 1878இல் வந்து சேர்ந்த வில்லியானா ஹிக்மன் என்ற பெண், ஊர் எங்கே என்று கணவரிடம் கேட்டார்; கணவர் தரையிலிருந்து ஆங்காங்கே எழும் புகையைக் காட்டினார்; தாம் அழத் தொடங்கிவிட்டதாக அவரே பதிவு செய்திருக்கிறார். முதல் குளிர்காலத்தில் பட்டினி வந்தபோது, வேட்டை முடித்துத் திரும்பிக்கொண்டிருந்த ஓசேஜ் பூர்வகுடியினர் தங்கள் இறைச்சியில் ஒரு பங்கைக் கொடுத்துக் காப்பாற்றினார்கள். ரயில்பாதை 1888இல் ஊரைத் தவிர்த்துப் போனது; ஊர் கரைந்தது. 1996இல் அதைத் தேசிய வரலாற்றுத் தலமாக அறிவித்தார்கள். அங்கே வாழ்கிறவர்கள் இன்று மிகச் சிலர்தான். ஆனால் ஜூலைக் கடைசியில் நாடெங்கும் இருக்கும் அவர்களின் சந்ததியார் திரும்பி வந்து கூடுகிறார்கள். அந்த ஊரில் நின்றபோது, பட்டினி கிடந்தவர்களையும் பகிர்ந்து கொடுத்தவர்களையும் ஒரே மூச்சில் சொல்கிற ஒரு முன்னோடி ஊர்க்கதை இருக்க முடியும் என்று பார்த்துக்கொண்டேன். குடியேறிகளின் துணிச்சலைச் சொன்னால் பூர்வகுடிகளின் இழப்பை மறைக்க வேண்டும் என்றோ, இழப்பைச் சொன்னால் துணிச்சல் குறைந்துவிடும் என்றோ பயப்பட வேண்டியதில்லை.

இது கனத்த விஷயம், குழந்தைகளோடு சிரித்துப் பார்க்க வருகிற இடத்தில் எதற்கு என்ற தயக்கம் இருந்தால், தெற்கே லூக்கஸ் ஊரை நினைத்துப் பாருங்கள். உள்நாட்டுப் போரில் சண்டையிட்ட சாமுவேல் டின்ஸ்மூர், 1907இல், அறுபது வயதைக் கடந்த பிறகு, சுண்ணாம்புக்கல்லை மரக்கட்டைபோல் செதுக்கி வீடு கட்டினார். பிறகு நூறு டன்னுக்கு மேல் சிமென்ட் குழைத்து வீட்டைச் சுற்றி ஏதேன் தோட்டம் எழுப்பினார். ஆதாமும் ஏவாளும் பாம்பும் அங்கே உண்டு. கூடவே, உழைப்பாளியைச் சிலுவையில் அறைகிற வங்கிக்காரர், வழக்கறிஞர், மருத்துவர், போதகர் நால்வரும் உண்டு. வீட்டுக்கு முன்னால் நின்று படம் எடுக்கிற எல்லோருக்கும் அந்தக் கோபமும் சேர்ந்தே கிடைக்கிறது. 1932இல் இறந்த அவருடைய உடலும் அவர் விருப்பப்படியே கல்லறையில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. என் மகள் அதைப் பார்த்து ஒரு வாரம் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள், பயப்படவில்லை. அதே ஊரில் 2012இல் திறந்த பொதுக் கழிப்பறையையே கண்ணாடிச் சில்லுகளும் வண்ணக் கற்களும் பதித்த கலைக்கூடமாக்கி வைத்திருக்கிறார்கள். ஒரு மணி நேரம் அந்த ஊரிலேயே இருந்தோம். மதியம் அங்கேயே சாப்பிட்டோம். நின்று கேட்க ஏதாவது இருந்தால் மக்கள் நிற்கிறார்கள்.

457 பேர் உள்ள ஊருக்குச் செலவு எவ்வளவு பெரிய கேள்வி என்று எனக்குத் தெரியும். விச்சிட்டாவில் எங்களைப் போன்ற சில குடும்பங்கள் சேர்ந்து பலகைக்கான தொகையில் ஒரு பங்கைத் தரத் தயாராக இருக்கிறோம். எங்கள் பெயர் எதிலும் வர வேண்டாம். கேள்வி கேட்டவர் என்ற முறையில் அம்மா தன் பங்காக நூறு டாலர் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்; அது தனி உறையில் இருக்கிறது.

இதைப் படிக்கும் தமிழ் நண்பர்களுக்கு ஒன்று. 70ஆம் எண் விரைவுச் சாலையில் நேராகப் போனால் கேன்சஸ் வெறும் தட்டை நிலம் என்றுதான் தோன்றும். நானும் பல ஆண்டுகள் அப்படிச் சொன்னவன். ஒரு நாளை ஒதுக்கி 24ஆம் எண் சாலையில் ஏறுங்கள். இந்த ஊர்களில் காபி குடியுங்கள், பெட்ரோல் போடுங்கள், உண்டியலில் பத்து டாலர் போடுங்கள். கயிறு கட்டுங்கள். முடிச்சு இறுகியதா என்று இழுத்துப் பாருங்கள்.

அன்று கரையில் நடந்ததை உங்களுக்குச் சொல்லாமல் முடிக்க முடியாது. முதியவர் தூண்டிலால் காட்டிய திசையைப் பார்த்து அம்மா எழுந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, கணுக்கால் அளவுக்குத் தண்ணீரில் இறங்கி, ஒரு கை நீரை அள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மீதியைத் தலையில் தெளித்துக்கொண்டார். தண்ணீர் உப்பாக இருக்கிறதா என்று மகள் கேட்டாள். நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, இல்லை என்றார். அந்த முதியவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

அம்மா இப்போது ஊருக்குத் திரும்பிவிட்டார். தினமும் காலையில் மேட்டூர் நீர்மட்டம் எத்தனை அடி என்று செய்தியில் பார்க்கும் வழக்கம் அவருக்கு உண்டு. ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் அதைச் சொல்லிவிட்டு, "அந்த ஊர் ஏரியில் எத்தனை அடி?" என்று என்னிடம் கேட்கிறார். நான் தேடிப் பார்த்துச் சொல்கிறேன்.

போன மாதம் ஒருவர் கையில் ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பியிருந்தார். ஊறுகாய், வேப்பம்பூ, அவற்றோடு அவரே திரித்த தேங்காய் நார்க் கயிறு, நான்கு முழம். ஆகஸ்ட் விழாவுக்கு மகளோடு அதைக் கொண்டுவருகிறேன். உங்கள் பந்தில் கற்றாழை நாரைத் தவிர வேறு நார் சேர்க்கலாமா கூடாதா என்பதை மட்டும் ஒரு வரி எழுதித் தெரிவியுங்கள்.

அன்புடன்,
விச்சிட்டாவிலிருந்து ஒரு மேட்டூர்க்காரன்